கறிவேப்பிலையும் கொத்தமல்லியும்



காலை வேளை. ஒரு தாய் குழம்புக்குத் தாளிக்கிறாள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிறது. மகளைக் கூப்பிட்டு, "கொல்லைக்குப் போய் ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை ஒடிச்சுக்கிட்டு வா" என்கிறாள். குழம்பு இறக்கும் நேரத்தில் மகனைக் கூப்பிட்டு, "கடைக்கு ஓடி ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்கிறாள். ஒன்றுக்குக் கொல்லை, மற்றொன்றுக்குக் கடை. இரண்டும் ஒரே சட்டியில்தான் சேருகின்றன. இரண்டையும் நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு உண்டு வருகிறோம். அப்படியிருக்க, ஒன்று மட்டும் ஏன் நம் வீட்டில் வளர்கிறது? மற்றொன்று ஏன் காசுக்கு வருகிறது?

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இக்கேள்வியைக் கேட்டாள். "சீதோஷ்ணம் அப்படி" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தேடத் தேட, அந்தச் சிறிய கேள்விக்குள் நம் மக்களின் வரலாறே அடங்கியிருக்கக் கண்டோம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் கறிவேப்பிலையைப் பார்ப்போம். இது பாரத நாட்டிலும் அதை அடுத்த பகுதிகளிலும் இயற்கையாகவே வளரும் சிறுமரம். தமிழருக்கு இது நேற்று அறிமுகமான பொருள் அன்று. சங்க நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, 'கஞ்சகம்' என்ற பெயரால் இதைக் குறிப்பிடுகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் உணவில் இந்த இலை மணந்து வருகிறது என்பதற்கு அதுவே சான்று.

இம்மரத்தின் விஞ்ஞானப் பெயரில் ஒரு மனிதரின் பெயர் ஒளிந்திருக்கிறது. முர்ராயா கோனிகி என்று பாடநூல்கள் கூறும். பெர்கெரா கோனிகி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டிலும் வரும் 'கோனிகி' என்னும் சொல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவரைக் குறிப்பதாகும். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸின் மாணவர் அவர். 1768ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்தார். அந்நாளில் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டவரின் கையில் இருந்தது. அங்கிருந்தபடி தமிழ்நாட்டுச் செடி கொடிகளைச் சேகரித்துத் தம் ஆசிரியருக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குத் தம் மாணவர் பெயரையே சூட்டினார்.

அதே கோனிக் பின்னர் 1778 முதல் 1780 வரை சயாம் நாட்டுக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் பயணம் செய்தார். ஆக, கறிவேப்பிலைக்குத் தம் பெயரைத் தந்தவர், பால்மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சோழ மண்டலக் கரையிலிருந்து இந்தக் கடலைக் கண்டு போயிருக்கிறார். பிற்காலத்தில் நம் முன்னோர் கடந்து வந்ததும் அதே கடல்தான்.

இனிக் கொத்தமல்லி. இதன் வரலாறு இன்னும் நீளமானது, ஊரும் வேறு. மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளிலும் மேற்கு ஆசியாவிலும் பழங்காலந்தொட்டுப் பயிரானது இது. எகிப்தின் இளம் மன்னன் துத்தன்காமுன் இறந்து ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய கல்லறையை 1922இல் திறந்தபோது, உள்ளே வைக்கப்பட்டிருந்த பொருள்களில் கொத்தமல்லி விதையும் இருந்தது. மறு உலகத்துக்குப் போகும் அரசனுக்குக்கூட மல்லி வேண்டும் என்று அந்நாட்டவர் எண்ணினர் போலும்!

அங்கிருந்து அது கிழக்கே வந்து, இந்தியாவில் நிலைத்துவிட்டது. சமஸ்கிருதத்தில் 'குஸ்தும்புரு' என்பர். கன்னடத்தில் 'கொத்தம்பரி' என்பர். நாம் கொத்தமல்லி என்கிறோம். மலாய்க்காரர் 'கெத்தும்பார்' என்கின்றனர். இவற்றை அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். உறவு காதிலேயே விழும். இதைப்போலவே கறிவேப்பிலையை மலாயில் 'டாவுன் காரி' என்பர். அதில் உள்ள 'காரி' நம்முடைய 'கறி' என்ற சொல்லேயாகும். பொருள் கப்பலேறும்போது பெயரும் கூடவே ஏறிவிடுகிறது.

இரண்டும் தாவரக் குடும்பத்தாலும் வேறானவை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தம்பூனில் விளையும் புகழ்பெற்ற பம்பளிமாசும் அதற்கு உறவு. கொத்தமல்லியோ காரட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீரகம், சோம்பு, ஓமம் ஆகிய மூன்றும் அதன் உடன்பிறப்புகள். கறிவேப்பிலை பல்லாண்டு வாழும் மரம். கொத்தமல்லி சில மாதங்களில் முளைத்து, பூத்து, காய்த்து, மடிந்துபோகும் செடி. இந்த ஒரு வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

நேயர்களே, நம் முன்னோர் இந்நாட்டுக்கு எப்படி வந்தனர் என்பதை நாம் அறிவோம். 1877இல் பேராக் மாநிலத்தின் கோலக்கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. தென்னமெரிக்காவிலிருந்து விதையாகப் புறப்பட்டுப் பல நாடு சுற்றி வந்த மரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது காடு காடாகப் பெருகியபோது, பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் திரளாக வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடை செய்யும்வரை அந்த வரவு தொடர்ந்தது.

வந்தவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்திருப்பார்கள்? இங்கேதான் நம் இரண்டு செடிகளின் பாதையும் பிரிகிறது.

கொத்தமல்லி விதை காய்ந்த சரக்கு. முடிந்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆகவே அது கப்பலில் மூட்டை மூட்டையாக வந்தது. துறைமுகத்திலிருந்து மளிகைக் கடைக்கும், மளிகைக் கடையிலிருந்து தோட்டத்துக் கடைக்கும் போயிற்று. தோட்டத்துக் கடையில் கணக்குப் புத்தகம் இருந்தது. மல்லி, மிளகாய், புளி, பருப்பு எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறும், சம்பளநாளில் இறங்கும். சில வீடுகளில் இறங்காமலே நிற்கும்.

கறிவேப்பிலை விதை அப்படிப்பட்டதன்று. பழத்திலிருந்து எடுத்த சில வாரங்களுக்குள் ஈரமண்ணில் விழவேண்டும். காய்ந்துவிட்டால் முளைக்காது. மூட்டையில் போட்டு விற்கும் சரக்காக அது ஆகவே முடியாது. கையிலிருந்து கைக்கு, வீட்டிலிருந்து வீட்டுக்கு, பழமாகவோ வேர்க்கன்றாகவோ மட்டுமே அது போகமுடியும். "உங்க மரத்துல ஒரு கன்னு குடு அக்கா" என்று கேட்டு வாங்குவதே அதன் வியாபாரம். தமிழர் குடியேறிய தோட்டங்களில் எல்லாம், லயத்தின் பின்னால், குளிக்கும் நீர் வடியும் இடத்தில், ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது இவ்வாறுதான். கடைக்காரரின் புத்தகத்தில் ஏறாத ஒரே மணப்பொருள் அது என்று சொன்னால் மிகையாகாது.

சரி, மல்லி விதைதான் கடையில் கிடைத்ததே. அதை வாங்கித் தெளித்து வளர்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மாணவியும் அதைத்தான் கேட்டாள். "செய்தே பார்ப்போம்" என்றோம்.

பள்ளியின் பின்புறத்தில் ஆறடி நீளத்தில் இரண்டு பாத்திகள் அமைத்தோம். ஒன்றில் கடை மல்லியை விதைத்தோம். மற்றதில், சிற்றுண்டிச் சாலையின் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து விழுந்த கறிவேப்பிலைப் பழங்களைக் கழுவி நட்டோம். மல்லி பத்தாம் நாள் முளைத்தது. நான்காம் வாரத்தில் ஒரு சாண் உயரம் நின்றது. கறிவேப்பிலைப் பாத்தியிலோ அப்போதுதான் மண்ணைப் பிளந்துகொண்டு முளை தெரிந்தது. "மல்லிதான் சார் ஜெயிச்சது" என்று பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர்.

ஆறாம் வாரத்தில் நிலைமை மாறிற்று. மல்லியின் அகன்ற இலைகள் நூல் நூலாகப் பிரிந்தன. நடுவில் தண்டு நீண்டு பூவெடுத்தது. ஒரு நாள் பிற்பகலில் பெய்த கனத்த மழையில் பாத்தி முழுவதும் தரையில் சாய்ந்துவிட்டது. இரண்டு நாளில் அழுகியும் போயிற்று. கறிவேப்பிலைக் கன்றுகளோ வெயிலையும் மழையையும் பொருட்படுத்தவே இல்லை. மறு ஆண்டு அவை முழங்கால் உயரம் நின்றன.

காரணம் என்ன? கொத்தமல்லி இளங்குளிரை விரும்பும் பயிர். வெப்பம் மிகுந்தால், "நம் காலம் முடிந்தது, விதையை விட்டுவிட்டுப் போவோம்" என்பதுபோல் அவசர அவசரமாகப் பூத்துவிடும். தமிழ்நாட்டில் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில், ஐப்பசி மழையை ஒட்டி விதைத்து, மார்கழி தைப் பனியில் அதை வளர்க்கிறார்கள். நமக்கு மார்கழியும் சித்திரையும் ஏறக்குறைய ஒன்றே. ஈப்போவின் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் முப்பது பாகையைத் தாண்டுகிறது.

ஆனால், நேயர்களே, சிம்பாங் பூலாயில் நின்று கிழக்கே பாருங்கள். சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு அப்பால் நீலமாகத் தெரிகிறது மத்திய மலைத்தொடர். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பது அறிவியல் பாடம். கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கணக்குப் போட்டால், நம்மைவிட எட்டு ஒன்பது பாகை குளிர்ச்சி. நமக்குக் கிடைக்காத மார்கழி அங்கே ஆண்டெல்லாம் கிடைக்கிறது.

அம்மலை மேட்டை 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்தார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் முடிந்தது. தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் கொழுந்து பறித்தனர். சரிவுகளில் சீனர்கள் காய்கறி பயிரிட்டனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்தும் ஒரு சாலை கேமரன் மலைக்குத் திறந்தது. காய்கறி ஏற்றிய லாரிகள் அவ்வழியே இறங்கி வருவதை நம் பிள்ளைகள் தினமும் காண்கின்றனர். அந்த லாரிகளில் கொத்தமல்லிக் கட்டும் இருக்கும். குளிரான அம்மலையிலோ கறிவேப்பிலை மிக மந்தமாக வளரும். ஆகவே கீழே வந்து திரும்பும் மலைத்தோட்டத்து உறவினர்கள், பை நிறையக் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போவார்கள். மலைக்கும் சமவெளிக்கும் இடையே இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்!

அப்படியானால் நாம் மல்லி வளர்க்கவே முடியாதா? முடியும். விதை மல்லிக்கு ஆசைப்படாமல், இளந்தழைக்கு மட்டும் ஆசைப்பட்டால் முடியும். முதல் பாத்தியில் தோற்றபின் நாங்கள் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறோம்.

உடையாத, வாசம் குன்றாத மல்லியாகத் தேர்ந்தெடுங்கள். ஓர் உருண்டைக்குள் இரண்டு விதைகள் உள்ளன. ஒரு துணியில் வைத்து, போத்தலை லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, மறுநாள் வளரவேண்டிய இடத்திலேயே நெருக்கமாக விதையுங்கள். இதன் வேர் நேராக இறங்குவது. பிடுங்கி நட்டால் பொறுக்காது. காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. நண்பகல் வெயிலையும் கனமழையையும் தடுக்க ஒரு கூரையோ வலையோ வேண்டும். நீர் தேங்கக்கூடாது, மண் காயவும் கூடாது. முளைக்கப் பத்து நாள். பறிக்க முப்பது முப்பத்தைந்து நாள். தண்டு எழும்புமுன் பறித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பெட்டியில் புதிதாக விதைத்து வந்தால், வீட்டில் தழை அறாது.

கறிவேப்பிலைக்கு இத்தனை பக்குவம் தேவையில்லை. ஆயினும் சில செய்திகள் உண்டு. கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, உடனே நடவேண்டும். நல்ல வெயில் வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் பல வீடுகள் பழைய ஈய லம்பத்து மணலின்மேல் நிற்கின்றன. அம்மணலில் நீரும் நிற்காது, உரமும் தங்காது. அங்கே குழியை அகலமாக வெட்டி, மக்கிய சாணமும் இலைமக்கும் கலந்து நிரப்புங்கள். முதல் ஓராண்டு அளவோடு ஒடியுங்கள். பின்னர் நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் பெருகும். பூங்கொத்தையும் கிள்ளிவிட்டால் தழை செழிக்கும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. ஓரிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம். ஆனால் இளந்தளிரைச் சுருட்டி, சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி ஒன்று உண்டு. அது எலுமிச்சை வகை மரங்களுக்குக் கொடிய நோயைக் கடத்தவல்லது. அத்தளிரைக் கிள்ளிக் கட்டிப் போட்டுவிடவேண்டும். பம்பளிமாஸ் விளையும் நம் வட்டாரத்தில், நம் வீட்டு மரத்தைக் கவனிப்பது அயலாருக்குச் செய்யும் உதவியும் ஆகும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். தோட்டத்தில் களைக்கொல்லி வந்த டின்னையோ பிளாஸ்டிக் கலனையோ கழுவி, அதில் செடி வைக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முழுதும் போகாது. மருந்து அடித்த வரப்போரத்தில் நிற்கும் மரத்திலிருந்து இலை பறிக்கவும் வேண்டாம். காசில்லாமல் கிடைக்கும் கலன் என்று எடுத்து, உண்ணும் பொருளில் நஞ்சைச் சேர்த்துவிடக்கூடாது.

பயனிலும் இவ்விரண்டும் வெவ்வேறு குணம் உடையவை. கறிவேப்பிலை சூடான எண்ணெயில் மணத்தை விடுவது, முதலில் போடவேண்டியது. கொத்தமல்லித் தழை சூட்டில் மணத்தை இழப்பது, இறக்கியபின் தூவவேண்டியது. கொத்தமல்லியில் விதையும் பயன்படும். நம் கறித்தூளில் பெரும்பங்கு அதுவே. மழைநாளில் சுக்கோடு சேர்ந்து மல்லிக் காப்பியும் ஆகிறது. கறிவேப்பிலையில் இலை மட்டுமே நம் சமையலுக்கு. மல்லித் தழையை மலாய்க்காரர் சோற்றிலும் சூப்பிலும் இடுவர். சீனர் ஆவியில் வெந்த மீன்மேல் தூவுவர். மூன்று இனத்து அடுப்பிலும் அது உண்டு.

கறிவேப்பிலையில் சுண்ணாம்புச் சத்தும், கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்தாக மாறும் பொருளும் நிறைந்துள்ளன. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறோம். துவையலாகவோ பொடியாகவோ செய்தால் அந்தச் சத்து வயிற்றுக்குள் போகும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவுக்கு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் கறிவேப்பிலை மென்றால் போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே இருக்கின்றனர். அது தவறு. இலை உணவு, மாத்திரை மருந்து. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது.

இனி வரலாற்றுக்குத் திரும்புவோம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இந்நாட்டில் இறங்கினர். அம்மாத இறுதியில் ஈப்போ அவர்கள் வசமாயிற்று. சிம்பாங் பூலாய் வழியே தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், கம்பாரில், 1942 புத்தாண்டையொட்டிக் கடும் போர் நடந்தது. அதன்பின் 1945 வரை இந்தியாவிலிருந்து சரக்குக் கப்பல் வரவில்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைச் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

அக்காலத்தைத் தம் தாயார் சொல்லக் கேட்ட மூதாட்டி ஒருவர் எங்கள் மாணவர்களிடம் கூறினார்: "மல்லி டப்பா காலியா கெடந்துச்சாம். மொளகா இல்ல, புளி இல்ல. அவிச்ச கெழங்குல உப்பும் கறிவேப்பிலையும்தான். அந்த வாசத்துக்குத்தான் புள்ளைங்க சாப்பிட்டுச்சாம்." கடை மூடியபோது கைகொடுத்தது கொல்லை. மண்ணில் வேர் விட்டது மட்டுமே மிஞ்சியது.

ஆனால் அந்தக் கொல்லையும் நம்முடையதாக இருந்ததா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. வீடு இருக்கும்வரை மரம். 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இந்த வேதனையினால்தான். பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டியிருந்தது. பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு பலர் கப்பலேறிப் போனார்கள். அதன்பின்னரும் ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை தாமானாயிற்று. ஒவ்வொரு முறையும் மனிதர்கள் பெயர்ந்தனர். மரம் பின்னால் நின்றது.

"கறிவேப்பிலைபோல் பயன்படுத்திவிட்டு எறிந்துவிட்டார்கள்" என்று நம்மிடையே ஒரு சொல் வழக்கு உண்டு. நம்மில் பல குடும்பங்கள் அதை நேராகவே உணர்ந்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவன் ஒருவனின் குடும்பம் லயத்தைக் காலி செய்யவேண்டி வந்தது. அவனுடைய பாட்டி, பாத்திரம் பண்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. "மரத்தை விட்டுட்டு வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாமியார் நட்ட கறிவேப்பிலை மரம் அது. மகன்மார் இருவரும் கடப்பாரை போட்டுத் தோண்டி, அடிமரத்தோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, புதிய வீட்டு முன்வாசலில் நட்டனர். மூன்று வாரத்தில் அது பட்டுப்போயிற்று. முதிர்ந்த மரத்தின் வேர் அகலப் பரவியிருக்கும். கடப்பாரைக்கு அகப்பட்டது அதில் ஒரு பகுதியே. அந்தப் பாட்டி பல நாள் வாசல் பக்கமே வரவில்லை என்று பையன் சொன்னான்.

அடுத்த லயத்து அத்தை ஒருவர் வேறு வழியில் செய்திருந்தார். மரத்தைச் சுற்றி முளைத்திருந்த வேர்க்கன்றுகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். தாய்வேரோடு இணையும் இடத்தை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, அங்கேயே மூன்று வாரம் விட்டுவைத்தார். கன்றுகள் சொந்த வேர் பிடித்தன. பிறகு மண் உதிராமல் பெயர்த்து, பால் டின்களில் வைத்து, நிழலில் வைத்துக் காத்தார். மூன்றில் இரண்டு பிழைத்தன. அந்த இரண்டில் ஒன்றைத்தான், பட்டுப்போன மரத்துக்காகக் கலங்கியிருந்த பாட்டியிடம் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டியின் மரமும் அத்தையின் மரமும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பது அப்போதுதான் பேச்சில் வெளிவந்தது. மாமியார் காலத்தில் அத்தையின் வீட்டுக்குப் போன கன்று அது.

இதைக் கேட்டபின் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொருவரும் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவரவேண்டும். நம் வீட்டுக் கறிவேப்பிலையை யார் நட்டார்? கன்று யார் வீட்டிலிருந்து வந்தது? அப்போது நாம் எங்கே குடியிருந்தோம்? மறுவாரம் பதில்களைக் கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டு இணைத்தோம். ஏழு பிள்ளைகளின் வீட்டு மரங்கள் ஒரே லயத்தில் நின்ற ஒரு மரத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த லயம் இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆனால் மரம் ஏழு வாசலில் தழைத்துக்கொண்டிருக்கிறது. ஏழு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையை நாங்கள் மறக்கமாட்டோம்.

ஆகவே, அன்புத் தாய்மார்களே, தந்தையரே, உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். மாடிவீட்டுக்குப் போனாலும் சரி, மூன்றடி முன்வாசல்தான் இருந்தாலும் சரி, ஒரு பெட்டியில் மல்லியும் ஒரு பெரிய தொட்டியில் கறிவேப்பிலையும் வையுங்கள். மல்லி ஒரே மாதத்தில் பலன் தரும். பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும். கறிவேப்பிலை காலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இருக்கும். வீடு மாறவேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடனேயே வேர்க்கன்றைத் துண்டித்து வையுங்கள். லாரி வந்து நிற்கும்போது மரத்தைத் தேடாதீர்கள். கன்று யார் கொடுத்தது, எந்த ஆண்டு நட்டது என்று பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நம் முன்னோரைப் பற்றி ஏட்டில் எழுதப்பட்டது குறைவு. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வாங்கிய மல்லி இருந்தது. அவர்கள் நட்ட மரம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதை எழுதவேண்டியவர்கள் நாமே. இன்று மாலையே வீட்டுப் பெரியவர்களிடம், "இந்த மரத்தை யார் நட்டது?" என்று கேட்டுப் பாருங்கள்.